காலி முதல் டெஸ்ட், இலங்கை – நியூசிலாந்து: அஞ்சு இடக்கையனுக்கு பிரபாத் எப்படிப் போடணும்?

(கிரிக்கட் ரசிகர்கள் நாலு பேர் எழுதின இழை. திகதிக்குப் பக்கத்தில இருக்கிறது எழுதினவர்ட புனைபெயர்.)

18.09.2024, மாலை 6.40 – வாவிக்கரை (மட்டக்களப்பு)

முதல் நாள் இலங்கை 302/7. கமிந்து 114, குசல் 50. கமிந்துக்கு இது ஏழாவது டெஸ்ட், நாலாவது சதம், ஏழிலயும் அம்பதுக்கு மேல. ஸ்கோரைப் பத்தி எனக்குக் கவலையில்ல. கேள்வி பந்துவீச்சைப் பத்தி.

நியூசிலாந்துல அஞ்சு இடக்கையன், அதாவது இடக்கையால பெட்டிங் செய்றவங்க: கொன்வே, லேதம், ரச்சின், சான்ட்னர், கடைசியில அஜாஸ். எங்கட பிரதான ஸ்பின்னர் பிரபாத் ஜயசூரிய, இடக்கையால சுழற்றுறவர். அவர்ட பந்து இவங்களுக்கு உள்ள வரும். வெளிய போற பந்துதான் ஆபத்து எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. அப்படியெண்டா இந்த மேட்ச்ல விக்கட் எடுக்கிற வேலை வலக்கை ஓஃப் ஸ்பின்னர் ரமேஷ் மென்டிஸுக்கா? பிரபாத் ஒரு பக்கம் கட்டிப்போட மட்டும்தானா?

18.09.2024, மாலை 7.15 – சாய்ந்தமருது ஸ்லிப்

இல்ல காக்கா (அண்ணன்). பந்து உள்ள வருதா வெளிய போகுதா எண்டதை விட எந்தப் பக்கத்தால கை வருது எண்டதைப் பாருங்க.

பிரபாத் ஓவர் த விக்கட்ல (போடுற கை ஸ்டம்புக்குக் கிட்ட வார பக்கத்தால) இடக்கையனுக்குப் போட்டா கோணமும் உள்ள, திருப்பமும் உள்ள. ரெண்டும் ஒரே பக்கம் போறதால பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிரும். காலில பட்டாலும் எல்பி (ஸ்டம்புக்குப் போற பந்தைக் காலால மறிச்சு அவுட்) கிடைக்காது. லெக் பக்கம் கிட்ட நிக்கிற ஃபீல்டர்மார், ஷோர்ட் லெக், லெக் ஸ்லிப் மட்டும்தான் வேலை செய்யும்.

ரவுண்ட் த விக்கட், ஸ்டம்புக்கு மற்றப் பக்கத்தால, வந்தா கதை வேற. கோணம் ஓஃப் பக்கம் இழுக்கும், திருப்பம் திருப்பிக் கொண்டு வரும். பந்து ஸ்டம்ப் நேர்ல விழுந்து ஸ்டம்ப் நேர்லயே முடியும். திரும்பினா எல்பி, இல்லாட்டி உள் விளிம்பில பட்டு ஷோர்ட் லெக். திரும்பாட்டி வெளி விளிம்பு, ஸ்லிப். பெட்ஸ்மனுக்கு ரெண்டு விளிம்பும் பயம். வலக்கையனுக்கு ஓஃப் ஸ்பின்னர் ரவுண்ட்ல வந்து போடுறாரே, அதையே கண்ணாடியில பாத்த மாதிரி.

18.09.2024, இரவு 8.05 – அஞ்சாம் நாள்

மேல உள்ளது சரி. ஒரு நினைவூட்டல்: 2022 ஜூலையில இதே காலியில பிரபாத் அறிமுகமான மேட்ச்ல அவுஸ்திரேலியாவுக்கு எதிரா 6/118, 6/59 (விக்கட்/கொடுத்த ஓட்டம்). அந்த அணியில வோர்னர், கவாஜா, ஹெட், கேரி எண்டு இடக்கையன் நிறைய. ஏழாவது டெஸ்ட்லயே அம்பது விக்கட். இடக்கையன் இருந்தாப் பிரபாத் சரிவர மாட்டார் எண்ட கதை அப்பவே முடிஞ்சிட்டு.

18.09.2024, இரவு 8.20 – வாவிக்கரை

அந்த மேட்ச்ல ஸ்பின்னருக்கு உதவி இருந்தது அண்ணன். இண்டைக்கு அப்படியில்ல. அவங்கட வேகப் பந்துவீச்சாளர் ஓ'ரூர்க்தான் எங்களுக்குத் தொல்லை தந்தவர், உயரத்தாலயும் பவுன்ஸாலயும். திமுத் 2க்குப் போனது அவர்ட பந்துக்கு. ஸ்பின் பிச் எண்டு இப்பவே முடிவெடுக்க ஏலா.

19.09.2024, மாலை 6.10 – வாவிக்கரை

நாங்க 305. அவங்க 255/4. லேதம் 70, வில்லியம்சன் 55. இன்னும் அம்பதுதான் பின்னால. நான் பயந்தது நடக்குது.

19.09.2024, மாலை 6.45 – கல்லாறு 45

லேதம் ஸ்வீப் (முட்டியை மடக்கிக் குறுக்கால அடிக்கிறது) அடிச்சு எங்கட ஸ்பின்னர்மார்ட லென்த்தைக் குலைச்சார். அதுக்கு நாங்க உடனே டீப் ஸ்கொயர் லெக்கை வெளிய அனுப்பினம். இது பழைய வழி. ஸ்வீப் அடிக்கிறவனுக்கு வெளிய ஆள் வெச்சா அவனுக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ஓட்டம் நிச்சயம், ஆட்டமிழக்கிற பயமும் இல்ல.

ஆளை எங்க வெக்கிறது எண்டா 45ல, அதாவது ஷோர்ட் ஃபைன் லெக்ல, கொஞ்சம் கிட்ட. மேல் விளிம்பு அங்கதான் வரும். டீப்ல ஒருத்தன் இருக்கட்டும், ஆனா ஸ்கொயருக்குப் பின்னால. முன்னால அடிக்கிற ஸ்வீப்புக்கு வெறுமையா விடு. முன்னால அடிக்கிறதுக்குப் பந்தை லைனுக்குக் குறுக்கால இழுக்கணும், அப்ப எல்பி வாய்ப்புக் கூடும். வேகத்தையும் கூட்டணும். மணிக்கு 85 கிலோமீட்டருக்குக் கீழ வந்தா முட்டியை மடக்கி உட்கார நேரம் கிடைச்சிரும். 90 கிட்ட, ஸ்டம்ப் நேர்ல, கொஞ்சம் முழு லென்த்ல போட்டா ஸ்வீப் ஆபத்தான அடி.

19.09.2024, இரவு 7.30 – சாய்ந்தமருது ஸ்லிப்

கல்லாறு 45 சொன்னதுல ஒரு திருத்தம். வேகத்தைக் கூட்டினா திருப்பம் குறையும், பந்து தொங்கிறதும் குறையும். வில்லியம்சன் மாதிரி பின்னால போய் கடைசி நேரத்தில விளையாடுறவருக்கு அதே வேகம் தீனி. ஒருத்தருக்கு ஒரு வேகம். லேதமுக்கு வேகமா, வில்லியம்சனுக்கு மெதுவா மேல தூக்கி. ஓவருக்குள்ள இடக்கையன் வலக்கையன் மாறி மாறி வரும்போது இதைச் செய்றதுதான் கஷ்டம், அதுக்குத்தான் அவங்க அந்த சோடியை அனுப்புறாங்க.

20.09.2024, மாலை 6.30 – அஞ்சாம் நாள்

340க்குச் சுருண்டாங்க. 255/4ல இருந்து ஆறு விக்கட் 85 ஓட்டத்துக்கு. பிரபாத் 4/136, ரமேஷ் 3/101, தனஞ்சய 2/31. மிட்செல் 57, பிலிப்ஸ் 49 ஆட்டமிழக்காம. பிறகு நாங்க 237/4, முன்னிலை 202. திமுத் 83, சந்திமால் 61.

வாவிக்கரை தம்பி கேட்டதுக்கு இண்டைக்குப் பாதிப் பதில் இருக்கு. மூணாம் நாள் வந்ததும் இடக்கையன்ட ஓஃப் ஸ்டம்புக்கு வெளிய கால் தடம் விழுந்திட்டு. அசித, லஹிரு, சௌதி, ஓ'ரூர்க், நாலு பேரும் வலக்கை வேகம், நாலு பேரும் பெரும்பாலும் ஓவர் த விக்கட். ஒரு முனையில இருந்து ஓடி வந்து கால் வெக்கிற இடம் மறுமுனைப் பந்துவீச்சாளருக்குக் கிடைக்கிற இலக்கு. அது விழுறது இடக்கையனுக்கு ஓஃப் பக்கம், வலக்கையனுக்கு லெக் பக்கம். ரமேஷ் அந்தத் தடத்தில விழுத்தினா வெளிய போகும், பிரபாத் விழுத்தினா பெட்டுக்கும் கால் கவசத்துக்கும் நடுவால உள்ள வரும். ரெண்டு பேருக்கும் ஒரே தடம்.

20.09.2024, இரவு 7.10 – வாவிக்கரை

இது நான் யோசிக்காத பக்கம். சரி, அப்ப நாலாம் இன்னிங்ஸ்ல எவ்வளவு வேணும்? 2019 ஓகஸ்ட்ல இதே காலியில இதே நியூசிலாந்துக்கு எதிரா நாங்க 268ஐத் துரத்தி வெண்டது. திமுத் 122. 2022ல பாகிஸ்தான் 342 துரத்திட்டு, ஷஃபீக் ஆட்டமிழக்காம 160. காலியில நாலாம் நாளுக்குப் பிறகு விளையாடவே ஏலா எண்டது பழங்கதை. 300க்குக் கீழ நான் நிம்மதியா இருக்கமாட்டன்.

20.09.2024, இரவு 7.25 – அஞ்சாம் நாள்

2015ல இந்தியாவுக்கு 176தான் இலக்கு. 112ல சுருட்டினது, ஹேரத் 7/48. எண்ணிக்கையை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, முதல் இருவது ஓவர்ல எத்தனை பேர் போறாங்க எண்டதை வெச்சுப் போடுங்க.

21.09.2024, காலை 10.20 – கல்லாறு 45

இண்டைக்கு ஜனாதிபதித் தேர்தல், மேட்ச் ஓய்வு. 2008 டிசம்பர்ல மிர்பூர்ல இலங்கை–பங்களாதேஷ் டெஸ்ட்லயும் தேர்தலுக்காக இப்படி ஒரு நாள் விட்டவங்க. வாக்குப் போட்டு வந்தவங்களுக்கு ஒரு கேள்வி: இந்த ஒரு நாள் பிச்சுக்கு நல்லதா கெட்டதா?

21.09.2024, பிற்பகல் 1.40 – சாய்ந்தமருது ஸ்லிப்

பெட்டிங் செய்றவனுக்குக் கெட்டது. மேல்மண் இன்னொரு நாள் காயும், வெடிப்பு ஓரம் தளரும். காலியில கச்சான் காத்துக் காலம் முடியுற நேரம், கடல் காத்தும் வெயிலும் சேர்ந்து வரும். மூடி வெச்சாலும் கீழே இருக்கிற ஈரம் மேல வந்து போகும்.

அடுத்தது ரோலர். நாள் தொடங்க முதல் பெட்டிங் செய்ற கப்டன் கேட்டா ஏழு நிமிஷம் வரைக்கும் உருட்டலாம். நாளைக்குக் காலையில கேட்கிறது தனஞ்சய. பாரமான ரோலர் எடுத்தா காலையில ஒரு மணித்தியாலம் பிச் அமைதியா இருக்கும், ஆனா காஞ்ச வெடிப்பை நசுக்கித் தூளாக்கிரும், அது பின்னேரம் எங்கட ஸ்பின்னருக்கு உதவும். நான் கப்டனா இருந்தா பாரமானதையே கேட்பன்.

21.09.2024, பிற்பகல் 2.30 – வாவிக்கரை

ஓய்வுல ஆகக் கூட லாபம் ஓ'ரூர்க்குக்கு. முதல் இன்னிங்ஸ்ல 5/55. ஒரு முழு நாள் கால் ஆறி வாறார்.

21.09.2024, மாலை 4.15 – கல்லாறு 45

மேட்ச் இல்லாத நாள் எண்டபடியால எங்கட பக்கத்துக் கதை ஒண்டு. கல்முனையிலயோ வாழைச்சேனையிலயோ நல்ல ஸ்பின் போடுற பொடியன்மாருக்குக் குறையில்ல. விளையாடுறது மெட்டிங்ல, பிச்சுக்கு மேல விரிக்கிற பாயில. மெட்டிங்ல எந்தப் பந்தும் பிடிக்கும், எல்லாம் திரும்பும், எல்லாம் நெஞ்சுக்கு எழும்பும். அதனால திரும்பாத பந்து எண்டு ஒண்டு தேவையே வாறதில்ல. புல் பிச்சுக்குப் போனதும் அதே பொடியன்ட பந்து முட்டிக்குக் கீழ மெதுவா வந்து நிக்கும், அடி வாங்குவான். திறமைக் குறை இல்ல இது, தரைக் குறை. மாவட்டத்தில வயசு அணிப் பொடியன்மாருக்குக் கிழமையில ஒரு நாளாவது புல் பிச் கிடைக்கணும்.

21.09.2024, மாலை 5.00 – அஞ்சாம் நாள்

பிரபாத்துக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அவர் விக்கட் எடுக்கிறதில திரும்பாத பந்துக்கும் பங்கு இருக்கு. எப்படி நடக்குது எண்டு பாருங்க. தையலை ஸ்லிப் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுச் சுட்டுவிரலாலச் சுழற்றினா பந்து தையல்ல விழும், பிடிச்சுத் திரும்பும். அதே கை, அதே ஓட்டம், ஆனா விடும்போது விரல் பந்துக்குப் பின்னால இல்லாம அடிப்பக்கமா வழுக்கினா தையல் படுத்திரும். விழுறது தோல்ல. தோல் வழுக்கும், நேரா வேகமா வரும். கையைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலா, சில நேரம் போட்டவருக்கே எது வரும் எண்டு தெரியாது. இங்க டெஸ்ட்ல பாவிக்கிற கூக்கபரா பந்தில வெளித் தையல் வரிசைகள் மெசின் தையல், சீக்கிரம் அமுங்கிரும். இருவது ஓவருக்குப் பிறகு தையலுக்கும் தோலுக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைய, எது பிடிக்கும் எது வழுக்கும் எண்டு இன்னும் குழப்பம்.

22.09.2024, பிற்பகல் 12.50 – வாவிக்கரை

309. 237/4ல இருந்து ஆறு விக்கட் 72க்கு. அஜாஸ் 6/90. மும்பையில ஒரே இன்னிங்ஸ்ல பத்தும் எடுத்தவர் இவர், அதை மறந்து அவருக்கு முன்னங்கால் நீட்டி பெட்டைக் கால் கவசத்துக்குப் பின்னால ஒளிச்சு விளையாடுறாங்க. டிஆர்எஸ் (நடுவர் தீர்ப்பை ரிவியூ கேட்கிற முறை) வந்த பிறகு அந்தத் தடுப்பு செல்லாது. மெத்தியூஸ் 50 இல்லாட்டி நிலைமை இன்னும் மோசம். இலக்கு 275. நான் கேட்ட 300 இல்ல.

22.09.2024, மாலை 6.20 – சாய்ந்தமருது ஸ்லிப்

207/8! இன்னும் 68 ஓட்டம், ரெண்டு விக்கட். ரச்சின் 91ல நிக்கிறார். அவர் தனியாத் தூக்கி வெச்சிரிக்கார், வேற யாரும் 30ஐத் தாண்டல்ல.

வாவிக்கரை காக்கா, அசித தொடக்கத்தில கொன்வேயைத் தூக்கினது ஸ்பின்னை விடப் பெறுமதி. 

22.09.2024, மாலை 6.50 – கல்லாறு 45

நாளைக் காலையில என்ன செய்யணும்? என்ட கருத்து: ரச்சினுக்கு முதல் நாலு பந்துக்கு ஆளை வெளிய அனுப்பு. லோங் ஓன், லோங் ஓஃப், டீப் பொயின்ட், டீப் ஸ்கொயர். ஒரு ஓட்டம் எடுத்து அஜாஸை முன்னுக்கு விடட்டும். அஜாஸுக்கு ஸ்லிப், சில்லி பொயின்ட், ஷோர்ட் லெக், லெக் கல்லி, முழுக் கூட்டம். ரச்சினுக்கு அஞ்சாம் ஆறாம் பந்துக்கு ஆளைக் கிட்ட கூப்பிட்டு ஒத்தை ஓட்டத்தை அடை.

22.09.2024, இரவு 7.05 – வாவிக்கரை

முழுக்க எதிர்க்கிறன். 68 ஓட்டம் இருக்கு, பத்து ஓட்டம் இல்ல. ரச்சினுக்கு வெளிய ஆள் வெச்சா, ஓவருக்கு மூண்டு ஓட்டம் சத்தமில்லாம வரும், இருவத்திமூண்டு ஓவர்ல மேட்ச் முடிஞ்சிரும். நூறுக்குக் கிட்ட நிக்கிறவர், இரவு நித்திரைக்குப் பிறகு புதுசா கண் பழக்கணும். முதல் பன்னிரண்டு பந்து அவருக்கும் புதுசுதான். கிட்ட ஆள் வெச்சு அவரையே தாக்கணும்.

22.09.2024, இரவு 7.30 – அஞ்சாம் நாள்

வாவிக்கரை சொல்றதோட நிக்கிறன், ஒரு காரணத்தைக் கூட்டி. ரச்சினும் இடக்கை, அஜாஸும் இடக்கை. ஒத்தை ஓட்டம் எடுத்து மாறினாலும் பிரபாத் லைனையும் மாத்தத் தேவையில்ல, கோணத்தையும் மாத்தத் தேவையில்ல, ஃபீல்டரும் ஓடித் திரியத் தேவையில்ல. இந்த இழை தொடங்கினபோது அஞ்சு இடக்கையன் எங்களுக்குக் கஷ்டம் எண்டு கேட்டது. இப்ப களத்தில உள்ள சோடி ரெண்டும் இடக்கையா நிக்கிறது எங்களுக்கு வாய்ப்பு. பிரபாத் ஒரு முனை, ரமேஷ் மறுமுனை. புதுப் பந்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஓவர் கிடக்கு, அதுக்காகக் காத்திருக்கவும் வேணாம். பழைய பந்துதான் தாழ்ந்து வரும், எல்பி அதிலதான்.

ரிவியூ மிச்சம் இருந்தா முதல் ஓவர்லயே பாவிக்கலாம், சேமிச்சு வெக்க இனி ஒண்ணுமில்ல. ஆனா பட்ட இடம் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியவா எண்டதை மட்டும் கீப்பர் சொல்லணும், போலர் சொல்லக் கூடாது. போலருக்கு எல்லாப் பந்தும் ஸ்டம்பிலதான் படும்.

23.09.2024, காலை 10.35 – சாய்ந்தமருது ஸ்லிப்

முடிஞ்சிட்டு! நாலு ஓவருக்குள்ள! ரச்சின் 92, எல்பி, பிரபாத். பிறகு ஓ'ரூர்க் போல்ட், பிரபாத். 211. 63 ஓட்டத்தால வெற்றி. பிரபாத் 5/68, மேட்ச்ல ஒம்பது, ஆட்டநாயகன்.

23.09.2024, காலை 11.10 – வாவிக்கரை

தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுது. மேட்ச்சைத் தனியாப் பிடிச்சு வெச்சிருந்த இடக்கையனை இடக்கை ஸ்பின்னரே எல்பி எடுத்திட்டார். என்ட முதல் கேள்விக்கு இதை விட நேரான பதில் கிடையாது. ஆனா ரமேஷ்ட மூண்டு விக்கட்டைக் குறைச்சு மதிக்காதீங்க. மறுமுனையில வெளிய போற பந்து வந்துகொண்டிருந்தபடியாலதான் அவங்க பிரபாத்தை அடிக்கப் பாக்க வேண்டி வந்தது.

23.09.2024, பிற்பகல் 3.20 – கல்லாறு 45

ரச்சின் 92 ரெண்டு அணியிலயும் நாலாம் நாள் ஆகச் சிறந்த துடுப்பாட்டம். பந்து விழுற இடத்துக்கு முழுசாப் போனார், இல்லாட்டி முழுசாப் பின்னால நிண்டார். நடுவில நிக்கவேயில்ல. காலி பிச்ல நடுவில நிக்கிறவன்தான் போவான். எங்கட இளம் ஆளுகள் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கணும்.

26.09.2024, காலை 10.15 – அஞ்சாம் நாள்

ரெண்டாவது டெஸ்ட். ரமேஷுக்குப் பதிலா நிஷான் பீரிஸ், அறிமுகம், ஓஃப் ஸ்பின். லஹிருவுக்குப் பதிலா மிலான். ரமேஷ் ஆறு விக்கட் எடுத்த மேட்ச்சுக்கு அடுத்ததுல வெளிய. எனக்கு இது சரியாப் படல்ல. பீரிஸ் உயரம், மேல இருந்து விடுறார், பவுன்ஸ் கூட எடுப்பார் எண்டது விளங்குது. ஆனா ரமேஷ்ட பெட்டிங்கை எட்டாம் இடத்தில இழக்கிறம்.

28.09.2024, பிற்பகல் 12.30 – சாய்ந்தமருது ஸ்லிப்

602/5 டிக்ளேர் பண்ணின பிறகு எட்டாம் இடத்து பெட்டிங் ஆருக்கு வேணும் அண்ணன்! கமிந்து 182 ஆட்டமிழக்காம, சந்திமால் 116, குசல் 106 ஆட்டமிழக்காம. அவங்க 88க்குச் சுருண்டாச்சு. பிரபாத் 6/42. ஃபொலோ ஓன், உடனே திரும்பவும் அவங்கதான் பெட்டிங்.

28.09.2024, பிற்பகல் 1.05 – வாவிக்கரை

கமிந்து 13 இன்னிங்ஸ்ல ஆயிரம் ஓட்டம், பிரட்மன் எடுத்த அதே எண்ணிக்கை. எட்டு டெஸ்ட், எட்டிலயும் அம்பது. பிரபாத்ட இழை எண்டாலும் இதைச் சொல்லாமப் போக மனம் வரல்ல.

29.09.2024, மாலை 4.40 – அஞ்சாம் நாள்

இன்னிங்ஸாலயும் 154 ஓட்டத்தாலயும் வெற்றி, தொடர் 2–0. பீரிஸ் ரெண்டாம் இன்னிங்ஸ்ல 6/170. ஓட்டம் கொடுத்தார், விக்கட்டும் எடுத்தார். 500க்கு மேல முன்னிலை இருக்கும்போது ஸ்பின்னர் அப்படித்தான் போடணும், மேல தூக்கி, அடிக்க விட்டு. ரமேஷைப் பத்தின என்ட எண்ணம் இன்னும் மாறல்ல, இறுக்கமான மேட்ச்ல அவர் வேணும்.

29.09.2024, மாலை 6.00 – கல்லாறு 45

21ஆம் திகதி எழுதினதுக்கு ஏறாவூர்ல இருந்து ஒரு பயிற்சியாளர் தனியாக் கேட்டிருந்தார்: மெட்டிங் மட்டும் இருக்கிற இடத்தில வழுக்குற பந்தை எப்படிப் பழக்கிறது எண்டு. எல்லாருக்கும் உதவும், இங்கயே போடுறன்.

டென்னிஸ் பந்தில பாதிக்கு மட்டும் கறுப்பு டேப் சுத்துங்க. ஓரம்தான் தையல். ஓரத்தை ஸ்லிப் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு விட்டா, காத்தில ஓரம் கோடாத் தெரியணும். ஆடினா விரல் சரியில்ல. இது ரெண்டு கிழமை. பிறகு அதே பிடியில விரலை அடியால வழுக்க விடுங்க, ஓரம் படுத்து டேப் பக்கம் கீழ வரணும். மெட்டிங்ல போடாதீங்க, வித்தியாசம் தெரியாது. சீமெந்துத் தரையில, இல்லாட்டி அலை நனைச்சு இறுகின கடற்கரை மணல்ல போடுங்க. டேப் பக்கம் விழுந்தா வழுக்கும், வெறும் பக்கம் விழுந்தா பிடிக்கும். ஸ்டம்ப் நேர்ல, பெட்ஸ்மன்ல இருந்து நாலு மீட்டர் தூரத்தில ஒரு பழைய துவாயை விரிச்சு அதில விழுத்தச் சொல்லுங்க. பந்தைக் கைக்குள்ள மறைச்சுப் பிடிக்க விடாதீங்க, எது வருது எண்டு கீப்பருக்குக் கையில தெரியாமப் போற வரைக்கும் ரெண்டையும் ஒரே ஓட்டத்தில போடணும்.

29.09.2024, மாலை 6.25 – சாய்ந்தமருது ஸ்லிப்

துவாயை ரவுண்ட் த விக்கட்ல இருந்தும் குறி வெக்கச் சொல்லுங்க. இடக்கையன் ஒருத்தனை நிறுத்தி.